மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை

எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையை ஆண்டவர் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நான் சொன்னால், கேட்பவர்கள் உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அடப்பாவமே, காய்ச்சலா?" என்பார்கள். காய்ச்சல் இல்லை. நல்ல ஆரோக்கியத்தோடுதான் போனார். போகிற அன்று காலையில் கம்பவுண்டர் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டார்.

எழுபதுகளின் கடைசி. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூரில், மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். மலையில் எனக்குத் தங்க இடம், மிஷன் மருந்தகத்தை ஒட்டியிருந்த ஒற்றை அறை. பக்கத்துப் பகுதியில் கம்பவுண்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சாப்பாடு அவர்களிடம். அந்த அம்மா சோற்றோடு அபிப்பிராயங்களையும் சேர்த்தே பரிமாறுவார்.

ஊரைச் சுற்றி இருந்தவர்கள் சாமையும் கேழ்வரகும் புளியும் விளைவிக்கிற மலைக்காரர்கள். அவர்களுக்கு அவர்களுடைய தெய்வங்கள் இருந்தன. கத்தோலிக்கர் என்று பார்த்தால் கீழேயிருந்து வேலைக்காக மேலே வந்து தங்கிவிட்ட கொத்தனார், தச்சர், வாத்தியார் குடும்பங்கள்தான். எல்லாம் சேர்த்து இருபது வீடு இருக்கும். எங்களுக்கு ஒரு ஓட்டுக் கோயில், ஒரு ஆர்மோனியம், ஒரு பங்குச் சாமியார்.

சாமியாருக்கு ஐம்பது வயது. குரல் பெரியது. மோட்டார் சைக்கிளில் போகும்போது அதன் சத்தத்தையும் மீறி அவர் பேசுவது கேட்கும். அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஒவ்வொரு பங்கிலிருந்தும் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று ஆயர் இல்லத்திலிருந்து வருஷாவருஷம் ஒரு தாள் வரும். எங்கள் பங்குக்கு எதிரே அவர் "இல்லை" என்று எழுதி அனுப்புவார். பக்கத்துப் பங்குச் சாமியாருடைய தாளில் நாலு பேர், ஐந்து பேர் என்று இருக்கும். குருக்கள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், வாரா வாரம் தேவ அழைத்தலுக்காக ஜெபம் ஆரம்பிக்கணும். நீதான் நடத்தணும்."

"நான் எதுக்குங்க சாமி? உபதேசியார் இருக்காரே."

"அவர் சொன்னா அவர் வூட்டுக் கோழிகூடக் கேக்காது. நீ சொன்னா அறுபது பசங்க கேக்கறாங்க. ஆண்டவரும் கேப்பாரு."

இப்படித்தான் வியாழக்கிழமை ஜெபம் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டபின் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயிலில் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள். ஆண்கள் வேலை இருக்கிறது என்பார்கள். கோயில் சுவரில், தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கும் நல்லாயன் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து, இந்த மந்தைக்கு நல்ல மேய்ப்பர்களைக் கொடு என்று கேட்போம். முதலில் ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை. பிறகு ஒவ்வொருவராகச் சொந்த வார்த்தையில் மன்றாட வேண்டும். சொந்த வார்த்தையை அனுமதித்ததுதான் நான் செய்த முதல் தவறு.

முதல் வாரம் கம்பவுண்டர் மனைவி கண்ணை மூடி, மிகுந்த உருக்கத்தோடு, "ஆண்டவரே, கொத்தனார் வூட்டு நடுப்பையனுக்கு நல்ல கொரலு குடுத்திருக்கீங்க. அவனை உங்க ஊழியத்துக்கு எடுத்துக்குங்க" என்று மன்றாடினார். அடுத்த வாரம் கொத்தனார் மனைவி இன்னும் உருக்கமாக, "ஆண்டவரே, கம்பவுண்டர் வூட்டு ஒரே பையன் நல்லா படிக்கிறான். அந்தப் புள்ளைய நீங்க மறந்துடாதீங்க" என்றார். மூன்றாவது வாரம் பதிலுக்குப் பதிலாக, கொத்தனார் வீட்டு மூன்று பிள்ளைகளையும் கம்பவுண்டர் மனைவி பேர்சொல்லி நேர்ந்துவிட்டார். அன்றைக்கு ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் இருவரும் பேசிக்கொண்டது ஜெபத்தில் சேராது.

"எம் புள்ள பேரை எதுக்கும்மே ஆண்டவருகிட்ட எடுத்த?"

"நீ எடுத்தியே, அப்போ இன்னா?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு. உனக்கு மூணு கீது."

"ஆண்டவருக்கே ஒண்ணுதான், அவரு குடுக்கலையா?"

வேதசாஸ்திரம் படித்தவர்களுக்கும் இதற்குச் சட்டென்று பதில் வராது. நான் சாமியாரிடம் போய், எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல எழுத்தில் ஒரு ஜெபம் வேண்டும் என்றேன். அவர் அன்றிரவே உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல ஜெபம்தான். "எங்கள் குடும்பங்களிலிருந்து" என்ற வார்த்தையை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் போட்டிருந்தார். அதை நாற்பது பிரதி எடுக்க வேண்டும். மலையில் அச்சுக்கூடம் ஏது? எனக்கு உடனே ஒருவர் ஞாபகம் வந்தது. ஞாபகம் வர நான் முயற்சி ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்த நாட்களில் அவர்தான் ஞாபகத்திலேயே இருந்தார்.

அந்தத் தை மாதம்தான் எனக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருப்பத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர். இருபத்தொன்பது வயது. ஒல்லி. அதிகம் பேசமாட்டார். நிச்சயத்துக்குப் பிறகு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு வருகிற சாக்கில், மலைக்கு ஜீப்பில் வருவார். புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவதால் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாக இருக்கும். பூசை முடிந்ததும் கம்பவுண்டர் வீட்டு வாசலில், அந்த அம்மா பார்வையில் படும்படி, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். நான் பேசும்போது அவர் விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருக்கும். "என்னங்க அது?" என்று கேட்டேன். "நீங்க பேசறத அடிக்கிறேங்க. பழக்கமாய்ட்டுது" என்றார். நான் பேசுவதை ஒருவர் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார் என்பதில் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனும் அப்படிக் கேட்டதில்லை.

ஜெபத்தை அவரிடம் கொடுத்தேன். பத்து நாளில் நாற்பது பிரதி ஜீப் டிரைவர் கையில் வந்து சேர்ந்தது. கார்பன் வைத்து அடித்தது. எடுத்துப் படித்தேன். "உமது மந்தைக்கு நல்ல மேய்ப்பர்களைத் தாரும்" என்று இருக்கவேண்டிய இடத்தில், "உமது சந்தைக்கு நல்ல மேய்ப்பர்களைத் தாரும்" என்று இருந்தது. நாற்பதிலும் சந்தை. கார்பனின் குணம் அதுதான். ஒரு தவறைச் செய்தால் விசுவாசமாகக் கடைசிவரை செய்யும்.

வேறு பெண்ணாக இருந்திருந்தால், கட்டிக்கொள்ளப் போகிறவர் கஷ்டப்பட்டு அடித்தது என்று, பேனாவால் ஒரு எழுத்தைத் திருத்திக்கொண்டு போயிருப்பாள். நான் டீச்சர். முதல் பிரதியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் "கவனக்குறைவு. எல்லாவற்றையும் திரும்ப அடிக்கவும்" என்று எழுதி, கட்டு முழுவதையும் அதே ஜீப்பில் திருப்பி அனுப்பினேன்.

அந்தச் சிவப்பு வட்டத்தைப் போடாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு வழியில் போயிருக்கும் என்று பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு. அப்போது, கண்டிப்பாக இருந்தால்தான் குடித்தனம் ஒழுங்காக நடக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் ரோஷக்காரர் போலிருக்கிறது. கார்பன் வைத்ததால்தானே இந்த அவமானம் என்று, இரண்டாம் தடவை கார்பனே வைக்கவில்லை. நாற்பது பிரதியையும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே அடித்தார். இன்ஸ்டிட்யூட்டில் மாணவர்கள் போனபிறகு தினம் சாயங்காலம் நாலு பிரதி. பத்து சாயங்காலம். நாற்பது தடவை, எழுத்து எழுத்தாக, "எங்களில் உமது குரலைக் கேட்பவர் தயங்காமல் எழுந்து வரச் செய்தருளும்."

இந்தத் தடவை ஒரு வியாழக்கிழமையில் அவரே கொண்டுவந்தார். ஒரு பிழை இல்லை. வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டதால் ஜெபத்துக்கும் இருந்தார். வந்த ஒரே ஆண் அவர்தான். நான் ஜெபத்தை நடத்தும்போது என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்து நல்ல சேலையாகக் கட்டியிருந்தேன். அவர் சுவரில் இருந்த நல்லாயனையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தட்டவில்லை. கைகள் மடியில் அப்படியே கிடந்தன.

இரவு சாப்பிடும்போது கம்பவுண்டர் மனைவியிடம், "ரொம்ப பக்தியானவர்" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா ஆம்பளையும் பக்திதாம்மே" என்று ரசம் ஊற்றினார்.

கல்யாணம் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில். அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் வாசிப்பார். யாரும் எதுவும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பெண்கள் கல்யாணப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஆண்கள் இருமுவார்கள், அவ்வளவுதான். முதல் ஓலை அப்படியே கழிந்தது. இரண்டாவது ஓலை நல்லாயன் ஞாயிறன்று விழுந்தது.

உயிர்ப்புக் காலத்தில் அந்த ஒரு ஞாயிறு, தேவ அழைத்தலுக்காகவே எல்லாக் கோயில்களிலும் ஜெபிக்கும் நாள். சாமியார் அதற்காக ஒரு மாதமாகத் தயாரித்திருந்தார். நல்ல மேய்ப்பனுடைய குரலைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம். கடைசியில் பீடத்தை விட்டு இரண்டு அடி முன்னால் வந்து, "இத்தினி வருஷமா கூப்பிடறாரு. இந்தக் கோயில்ல ஒருத்தன் காதுலகூடவா அது வுழல? ஒருத்தன், ஒரே ஒருத்தன், எழுந்து நிக்க மாட்டானா?" என்று கேட்டார். யாரும் எழுந்து நிற்கவில்லை. கம்பவுண்டர் மனைவி மட்டும் தன் மகனுடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

சாமியார் பெருமூச்சு விட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓலையை எடுத்து வாசித்தார். என் அப்பா பெயர், என் பெயர், அவர் பெயர். இரண்டாம் முறை. தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கவும். பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆண்கள் பக்கத்தில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சாமி, தடை இருக்குதுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான்.

சாமியாருக்குப் புரியவில்லை. "உக்காருப்பா. நீ மாப்ள" என்றார்.

"அதனாலதாங்க நானே சொல்றேன்."

"இன்னா தடை? வேற யாருக்கனா வாக்கு குடுத்துட்டியா?"

"ஆமாங்க."

கோயில் முழுவதும் ஒரு மூச்சு உள்ளே போனது. திருப்பத்தூரில் டைப் படிக்க வருகிற பெண்கள் முகமெல்லாம், நான் பார்த்திராத முகங்கள், என் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"யாருக்கு?" என்றார் சாமியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கையைத் தூக்கிப் பீடத்தைக் காட்டினார். "ஆண்டவருக்குங்க. இப்போ நீங்க கேட்டீங்களே, ஒருத்தன் எழுந்து நிக்க மாட்டானான்னு. நான் அப்பவே எழுந்திருக்கணும். கால் வரலைங்க. மன்னிக்கணும்."

சாமியார் முகத்தை நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிஷத்துக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம் வந்துபோனது. ஆயர் இல்லத்துத் தாளில் "ஒன்று" என்று எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினார், நான் யார் என்று ஞாபகம் வந்தது, முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார். அவர் எனக்குப் பல நன்மைகள் செய்திருக்கிறார். அந்த அரை நிமிஷத்தை மட்டும் நான் இன்னும் முழுமனதோடு மன்னித்து முடிக்கவில்லை.

உபதேசியார் மெதுவாக என் பக்கம் குனிந்து, "காணிக்கைப் பாட்டு எது டீச்சர்?" என்று கேட்டார். நான் ஏதோ ஒன்றை வாசித்தேன். கிறிஸ்துமஸ் பாட்டு என்று பிறகு சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்து பாடினார்களாம்.

பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் பலா மரத்தடியில் அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"எத்தினி நாளா இது?" என்றேன்.

"ரெண்டாவது தடவ அடிக்க ஆரம்பிச்சதுலர்ந்துங்க. மொதல்ல கார்பன் வெச்சி அடிக்கும்போது ஒண்ணும் தெரியல. வாசகத்த பார்க்காம அடிப்பேன். நீங்க சிவப்பு மையில போட்டு அனுப்பனப்புறம், தப்பு வரக்கூடாதுன்னு ஒவ்வொரு வார்த்தையையும் படிச்சிப் படிச்சி அடிச்சேன். பதினஞ்சு, இருபது தாள் போனதும், இது யாரையோ கேக்கல, என்னைத்தான் கேக்குதுன்னு பட்டுது. நிறுத்திட்டு எழுந்து போய்ட்டேன். மறுநாள் வந்து அடிச்சாலும் அப்படியே இருந்துது."

"என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நாலு தடவ சொல்ல வந்தேங்க. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

அது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாயிற்று. ஆனாலும் அந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இன்னொரு பெண்ணைச் சொல்லியிருந்தால் அவள் மூக்கு சரியில்லை, நிறம் சரியில்லை என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். இங்கே போட்டிக்கு நின்றவரைப் பற்றி என்ன குறை சொல்வது? அவரிடம்தான் நான் மூன்று மாதமாக வாரம் தவறாமல் ஆள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வாக்கியம் வந்து அவர் கேட்டதில்லை. அழுதுவிட்டார். பிறகு நானும் அழுதேன். அதற்குள் கம்பவுண்டர் மனைவி வந்து, "அழறதா இருந்தாலும் துன்னுட்டு அழுவுங்க, இட்லி ஆறுது" என்று இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஆறு இட்லி சாப்பிட்டது அப்போதுதான். மனப்பாரம் இறங்கினால் பசிக்கும்.

அந்த வாரமே அப்பா மலையேறி வந்தார். சைக்கிள் கடையிலிருந்து நேராகக் கிளம்பியவர் போல் கையெல்லாம் கிரீஸ். சாமியார் அறைக்குள் போய் மேஜையைக் குத்தினார். நான் வெளியே நின்றிருந்தேன்.

"சாமி, வேற ஒரு பொண்ணுக்காக அவன் போயிருந்தா நேரா போய்க் கால ஒடச்சிருப்பேன். ஆண்டவருக்காகப் போறான்னா நான் யாரு கால ஒடைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

சாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்றார். அப்பா குடித்தார். குடித்துவிட்டு, "பொண்ணு கதி?" என்றார். "நான் பாக்கறேன், அது என் பொறுப்பு" என்றார் சாமியார். அவர் சொன்னால் செய்வார் என்று அப்பாவுக்குத் தெரியும். இறங்கிப் போகும்போது என்னிடம், "இனிமே எதுக்காகனா ஜெபம் பண்றதா இருந்தா எனக்கு முன்கூட்டியே ஒரு கார்டு போடு" என்றார்.

வியாழக்கிழமை ஜெபத்துக்கு நான் போகவில்லை. இரண்டு வாரம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஆண்டவரிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். கேட்டது உண்மைதான், ஆனால் என் வீட்டிலிருந்து எடுக்கச் சொல்லவில்லையே என்பது என் கட்சி. யோசித்துப் பார்த்தால், அத்தனை வாரமும் "எங்கள் குடும்பங்களிலிருந்து" என்று வாய் சொல்லும்போதெல்லாம் என் மனதில் இருந்தது கொத்தனாருடைய குடும்பம்தான். கம்பவுண்டர் மனைவி வாய்விட்டுச் செய்ததை நான் மனதுக்குள் செய்திருந்தேன். இது புரிந்ததால் கோபம் தணிந்துவிடவில்லை. யார்மேல் கோபப்படுவது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் வந்தது.

மூன்றாவது வியாழன் ஆட்டுப்பால் வாங்கப் போய்விட்டுக் கோயில் பக்கமாக வந்தேன். உள்ளே நாலைந்து பெண்கள் நானில்லாமலே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டேன். "எங்கள் குடும்பங்களிலிருந்து" என்ற இடம் வந்ததும், எல்லாரும் ஒரே குரலில், "பிற குடும்பங்களிலிருந்து" என்றார்கள். எனக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு அவர்களுக்குள் பேசி முடிவெடுத்துத் திருத்தியிருக்கிறார்கள். என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. நேராக உள்ளே போய், "எழுதியிருக்கறதப் படிங்க" என்றேன். முதலிலிருந்து சொல்ல வைத்தேன். அந்த இடம் வந்ததும் கம்பவுண்டர் மனைவி குரல் மட்டும் மிகவும் இறங்கிப்போனது. சொல்லி முடித்தபோது நான் மறுபடியும் ஜெபத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன். ஆண்டவரோடு சமாதானம் ஆனேன் என்று சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தை தொடங்கியது.

ஆனால் என் ஜெபத்துக்குப் பயங்கரமான பேர் வந்துவிட்டது. "டீச்சரு கண்ணை மூடிக் கேட்டா ஆளு போயிடும்" என்று பேசிக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகளைப் பெற்றவர்கள் என் எதிரே வந்தால் பிள்ளைகளை மறைத்தார்கள். அடங்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் தேடிவந்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு மேலண்டைக் காட்டில் சாமை போட்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கோயிலுக்கு வருகிறவள் அல்ல. ஒரு முறம் நிறையப் புளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றேன்.

"நீ கேட்டா உங்க சாமி ஆம்பளைங்கள இட்டுக்கினு போயிடுதாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. எங்க வூட்டுக்காரனையும் இட்டுக்கினு போவச் சொல்லு டீச்சர். குடிச்சிட்டு வந்து கெடக்கறான். அங்க போனா சோறு போடுவாங்க இல்ல?"

"அது கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லம்மா."

அவள் முறத்தை என் பக்கம் இன்னும் தள்ளினாள். "உனக்குத்தான் நிச்சயம் ஆயிருந்துது, அப்படியும் எடுத்துக்கினாரு இல்ல? கொஞ்சம் கேட்டுப் பாரு" என்றாள். புளியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நான் கேட்டும் பார்த்தேன், குடியாவது நிற்கட்டும் என்று. அவன் நிறுத்தவில்லை. சாமை அறுப்புக்கு மட்டும் ஒழுங்காகப் போனானாம். அதற்கும் நான்தான் காரணம் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இருபத்தொன்பது வயதில் குருமடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், அவர் துறவற சகோதரர்கள் சபை ஒன்றில் சேர்ந்தார். டைப் தெரிந்தவர் என்பதால் அலுவலகத்தில் போடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். பயிற்சி முடிந்ததும், படவேட்டுப் பக்கம் அவர்கள் நடத்திய ஆட்டுப் பண்ணைக்கு அனுப்பினார்கள். நாயைக் கண்டாலே சாலையின் மறுபக்கம் போகிறவர் அவர்.

எங்கள் பங்கின் முதல் அழைத்தல் அல்லவா, அவர் கடிதம் எழுதினால் சாமியார் அதைப் பூசையில் வாசிப்பார். பண்ணையிலிருந்து வந்த முதல் கடிதத்தை முன்கூட்டிப் படித்துப் பார்க்காமலே வாசிக்க ஆரம்பித்தார். "அன்புள்ள சாமி, நல்ல மேய்ப்பனுடைய குரலை ஆடுகள் அறியும் என்று தாங்கள் பிரசங்கத்தில் சொன்னீர்கள். நான் நான்கு மாதமாகக் கூப்பிடுகிறேன். என் குரலை ஒரு ஆடும் அறியவில்லை. தவிட்டு வாளியின் சத்தத்தைத்தான் அறிகின்றன." சாமியார் அங்கே நிறுத்தி, கடிதத்தை மடித்து, "மற்றபடி சுகமாக இருக்கிறாராம்" என்று முடித்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் நான்தான் முதலில் சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்தபிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

இதற்கிடையே சாமியார் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. அழைத்தலுக்கு ஆள் தேடிய அதே வேகத்தோடு எனக்கு மாப்பிள்ளை தேடினார். பூசைக்குப் போன ஊர்களில் எல்லாம் என் ஜாதகம் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்தில் ஒருவரைக் கொண்டுவந்தார். கால்நடைத் துறையில் இன்ஸ்பெக்டர். ஆரணிப் பக்கம். நடந்த கதை அவருக்குத் தெரியும்; எங்கள் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் யாருமில்லை. பெண் பார்க்க வந்தவர், காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வியாழக்கெழம ஜெபம் இன்னும் நடக்குதுங்களா?"

"நடக்குதுங்க."

"கல்யாணம் முடியற வரைக்கும் வேற யாரனா நடத்தினா தேவலைங்க."

சிரிக்காமல்தான் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அவர் மலைப்பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் ஓலையை வாசித்து, தடை சொல்ல யாருமில்லை என்று கண்டதும், சாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றார். கோயிலே "ஆமென்" என்றது.

கல்யாணமாகி மலையிலிருந்து இறங்கினேன். அடுத்த வருஷமே என் கணவருக்குப் படவேட்டுப் பக்கம் மாற்றலாயிற்று. ஒரு நாள் காலை ஊசிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "இன்னிக்கு அந்தப் பண்ணைக்குப் போறேன். ஆடுங்களுக்குத் தடுப்பூசி. வர்றியா?" என்றார். "எதுக்கு?" என்றேன். "புடிக்க ஆள் பத்தாது" என்றார். அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும். போனேன்.

நாலு வருஷமாக அவரைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று நான் மனதில் ஒரு நீண்ட பேச்சு வைத்திருந்தேன். அதை மாற்றி மாற்றித் திருத்தி வைத்திருந்தேன். பண்ணைக் கதவைத் திறந்தவர் முழங்கால்வரை சேறும், கையில் ஒரு ஆட்டின் பின்னங்காலுமாக நின்றார். கறுத்து, தோள் அகன்று, ஆளே மாறியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆட்டை விட்டுவிட்டார். அது ஓடியது. மூன்று பேரும் அதைத் துரத்தினோம். பிடித்து முடித்தபோது பேச்சு நடத்துவதற்கு என்னிடம் மூச்சு இல்லை.

வேலை தொடங்கியது. அவர் ஆட்டைக் கொண்டுவருவார், நான் தலையைப் பிடித்துக்கொள்வேன், என் கணவர் ஊசி போடுவார். பத்துப் பதினைந்து ஆடு ஆனபிறகு அவராகவே பேச ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமல், ஆட்டிடம் சொல்வதுபோல.

"டீச்சர், உங்களுக்குப் பண்ணது தப்புன்னு எனக்கு மனசு ஆறலைங்க. வந்ததுலர்ந்து ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லிக்கிட்டுதான் வர்றேன்."

"நாலு வருஷமாவா?"

"வாராவாரங்க. போன மாசம் எங்க சாமியாருக்குக் கோவம் வந்துட்டுது. 'அந்த டீச்சர இதோட வுட்டுடு. வேற பாவம் ஏதனா இருந்தா சொல்லு, இல்லன்னா எழுந்து போ'ன்னுட்டாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வேற ஒண்ணும் இல்லைங்களே. எழுந்து வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிடித்திருந்த ஆட்டின் கழுத்தில் முகத்தை வைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்; அவர் சத்தம்போட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான் நல்லாத்தான் இருக்கேங்க" என்றேன். "பாத்தாலே தெரியுதுங்க" என்றார். "நீங்க?" என்று கேட்டேன். "ஆடு இருமினா தூக்கம் வர மாட்டேங்குது. மத்தபடி எனக்கு இதுதாங்க எடம்" என்றார்.

என் கணவர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஆட்ட நல்லா புடிங்க" என்றார். இன்னும் முப்பதுக்கு மேல் பாக்கி இருந்தது.